டஃப்ரின் கப்பலில் ஏறிய பையன்கள்

பள்ளி திறந்ததும் உங்கள் வீட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு படிவத்தை நீட்டியிருக்கலாம். என்சிசி, நேவல் விங், பெற்றோர் கையெழுத்து வேண்டும். நம் குடியிருப்பில் இரண்டு மூன்று வீடுகளில் அந்தப் படிவம் இன்னும் ஃபிரிட்ஜ் மேலேயே கிடக்கிறது என்று கேள்வி. படிப்பு கெட்டுப்போகுமா, பிறகு பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்களா என்ற தயக்கம்தான் காரணம். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். ஆனால் இப்படி ஒரு படிவம் நம் நாட்டுப் பெற்றோர் முன்னால் வந்து கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகப்போகிறது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்களேன்.

1920களில் பம்பாய்த் துறைமுகத்திலோ கல்கத்தாவிலோ ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பார்த்திருந்தால், அதில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதி நம் ஆட்களாகவே இருந்திருப்பார்கள். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர்கள், தளம் கழுவியவர்கள், சமையல் செய்தவர்கள் எல்லோரும் இந்தியர்கள். லஸ்கர்கள் என்று அவர்களுக்குப் பெயர். கப்பலைச் செலுத்துகிற அதிகாரி மட்டும் வெள்ளைக்காரர். ஓர் இந்தியப் பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்த இடத்துக்குப் போக வழி கிடையாது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அதிகாரி ஆவதற்கான சான்றிதழ் வாங்கப் பயிற்சி வேண்டும்; அந்தப் பயிற்சியைக் கொடுக்க இங்கே இடமே இல்லை. அவ்வளவுதான்.

பணம் சேர்த்துக் கப்பல் வாங்கியவர்கள் நம்மிடம் இருந்தார்கள். வ.உ.சி.யின் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906ல் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள், ஆக மூலதனம் 10 லட்சம். காமர்ஸ் படித்தவன் என்பதால் இந்தக் கணக்கை நான் எப்போதும் ரசிப்பதுண்டு. அந்தக் கம்பெனியை எப்படி நசுக்கினார்கள் என்பது தனிக் கதை. 1919ல் பம்பாயில் சிந்தியா கம்பெனி தொடங்கி, லாயல்டி என்ற கப்பலை லண்டனுக்கே அனுப்பியது. ஆனாலும் கப்பலை ஓட்டும் அதிகாரிகளுக்கு அந்நியரையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. மூலதனம் திரட்டிவிடலாம். கேப்டனைத் திரட்ட முடியாது. பதினைந்து வயதில் பிடித்துப் பத்து வருடம் வளர்க்க வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டு சட்டசபையில் பேசியவர் ஒரு தமிழர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், சென்னையில் பெரிய வக்கீல், சர் பி.எஸ்.சிவசாமி ஐயர். மயிலாப்பூரில் லேடி சிவசாமி ஐயர் பெண்கள் பள்ளி என்று இருக்கிறதே, அது அவருடைய மனைவியின் பெயரில் உள்ள பள்ளி. 1922 ஜனவரியில் மத்திய சட்டசபையில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இந்திய வணிகக் கப்பல் துறையை வளர்க்க என்ன செய்யலாம் என்று ஆராய ஒரு குழு வேண்டும் என்பது கோரிக்கை. குழு 1923ல் அமைந்து, 1924ல் அறிக்கை கொடுத்தது. கரையோரக் கப்பல் போக்குவரத்தை இந்தியக் கம்பெனிகளுக்கே ஒதுக்க வேண்டும் என்பது உட்படப் பல பரிந்துரைகள் அதில் இருந்தன. பிரிட்டிஷ் கம்பெனிகளின் பையைத் தொடும் பரிந்துரையை அரசாங்கம் ஏற்கவில்லை. பையன்களுக்கு ஒரு பயிற்சிக் கப்பல் என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டது. செலவு குறைவு, பெயரும் கிடைக்கும் என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

அப்படி 1927ல் வந்ததுதான் டஃப்ரின். 1904ல் வெள்ளோட்டம் விடப்பட்ட பழைய துருப்புக் கப்பல். முன்னாள் வைஸ்ராய் ஒருவரின் பெயர். அதைப் பம்பாயில் மசகான் துறைக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சி நிறுத்தி, மிதக்கும் பள்ளிக்கூடமாக மாற்றினார்கள். எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டஃப்ரின் வணிகக் கப்பலுக்கான பயிற்சிக் கூடம், கடற்படைக்கானது இல்லை. கடற்படைக்கு அதிலிருந்து ஆட்கள் போனது பிறகு நடந்தது.

அந்தக் காலத்துத் தகப்பனார் ஒருவரை நினைத்துப் பாருங்கள். இதற்கு 13 வருடம் முன்பு, 1914ல், கணித மேதை ராமானுஜன் சென்னையிலிருந்து லண்டனுக்குக் கப்பல் ஏற எவ்வளவு தயங்கினார், வீட்டில் எவ்வளவு எதிர்ப்பு என்று படித்திருப்பீர்கள். கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று பயந்த காலம். ராமானுஜனாவது படிக்கப் போனார். இங்கே பையனைக் கடலிலேயே பிழைக்க அனுப்ப வேண்டும். அவனுக்கு வயது பதினான்கு, பதினைந்து. கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா வேலை என்றால் ஊரே மதிக்கும். கப்பல் வேலை என்றால் லஸ்கர் வேலை என்றுதான் ஊர் நினைக்கும். அப்படியும் சிலர் கையெழுத்துப் போட்டார்கள்.

முதல் அணியில் சேர்ந்தவர்களில் ஒருவர் ராம்தாஸ் கடாரி. 1911ல் செங்கல்பட்டில் பிறந்தவர். சேரும்போது பதினாறு வயது. மூன்று வருடப் பயிற்சி. வழக்கமான பள்ளிப் பாடங்களோடு கப்பல் செலுத்தும் கலையும் சொல்லிக்கொடுத்தார்கள். கடாரி முதல் மாணவராகத் தேறினார்.

தேறியதும் வேலை தயார் என்று நினைக்காதீர்கள். டஃப்ரினை விட்டு வந்த பிறகு, ஓடுகிற கப்பல் ஒன்றில் சில வருடம் அப்ரெண்டிஸாக இருந்தால்தான் செகண்ட் மேட் தேர்வு எழுதலாம். பிரிட்டிஷ் கம்பெனிகள் இந்தியப் பையன்களை அப்ரெண்டிஸாகச் சேர்த்துக்கொள்ள மனசு வைக்கவில்லை. கப்பல் முழுக்க இந்தியர்கள் வேலை செய்யலாம், ஆனால் அதிகாரிகள் சாப்பிடும் மேஜையில் ஓர் இந்தியப் பையன் உட்காரக் கூடாது. ஆரம்பத்தில் கை கொடுத்தது பெரும்பாலும் சிந்தியா கம்பெனிதான். பரீட்சையில் பாஸ் செய்துவிட்டு நியமன உத்தரவுக்காக வருடக்கணக்கில் தபால்காரரை எதிர்பார்த்த தலைமுறை எங்களுடையது. அந்தப் பையன்களின் நிலைமை எங்களுக்கு நன்றாகவே புரியும்.

கடாரி ஹூக்ளி ஆற்றில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் வேலைக்குப் போனார். மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஆறு அது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் கடற்படைக்குள் வந்தார். கடற்படையின் கதவு அதற்கு முன்பே கொஞ்சம் திறந்திருந்தது. 1928ல் டி.என்.முகர்ஜி என்பவர் இன்ஜினியரிங் பிரிவில் முதல் இந்திய அதிகாரி ஆனார். 1934ல் ராயல் இந்தியன் மரைன் என்ற பெயர் ராயல் இந்தியன் நேவி என்று மாறியது. டஃப்ரினில் தேறிய பையன்களும் போட்டித் தேர்வு எழுதி அதற்குள் போக ஆரம்பித்தார்கள். சுதந்திரம் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் நம் கடற்படைக்குத் தலைவர் ஆங்கிலேயராகவே இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1958 ஏப்ரல் 22 அன்று வைஸ் அட்மிரல் கார்லில் பொறுப்பை ஒப்படைத்தார். அதை வாங்கிக்கொண்ட முதல் இந்தியர், செங்கல்பட்டில் பிறந்த கடாரி.

இன்னொரு டஃப்ரின் பையன் நாகர்கோவில்காரர், நீலகண்ட கிருஷ்ணன். 1919ல் பிறந்தவர். 1971 போரின்போது விசாகப்பட்டினத்தில் கிழக்குப் பிராந்தியக் கடற்படைத் தளபதி. பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி வங்கக் கடலுக்கு வந்தது. கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் மறைத்துவிட்டு, ராஜ்புத் என்ற பழைய கப்பலை விக்ராந்த் போல நடிக்க வைத்தார். காஸி விசாகப்பட்டினத்துக்கு அருகிலேயே டிசம்பர் 3, 4 நள்ளிரவில் மூழ்கியது.

இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் சொன்னதாகும். பையன்கள் கடலுக்குப் போக இன்னொரு வாசலும் இருந்தது. அது சாதாரண மாலுமிகளுக்கான வாசல். கராச்சிக்கு எதிரே மனோராவில் பகதூர் என்று ஒரு பயிற்சித் தளம் இருந்தது, சிறுவர்களைச் சேர்த்து மாலுமியாக்குவதற்காகவே. போர் தொடங்கியபோது இரண்டாயிரத்துக்கும் குறைவான பேர் இருந்த கடற்படை, முடியும்போது சுமார் 30,000 பேராகப் பெருத்திருந்தது. இவ்வளவு பேரைச் சேர்க்க, ஆள் எடுப்பவர்கள் நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு, போருக்குப் பிறகு வேலை என்று வாக்குறுதிகளை அள்ளி வீசினார்கள். உள்ளே போனதும் கிடைத்தது கல்லும் மண்ணும் கலந்த சோறு, வெள்ளை அதிகாரிகளின் வசவு.

1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் என்ற சிக்னல் பள்ளியில் சாப்பிட மறுத்துத் தொடங்கிய வேலைநிறுத்தம், சில நாட்களில் கப்பல் கப்பலாகப் பரவியது. கராச்சியில் பகதூரும் சேர்ந்துகொண்டது. அங்கே துறைமுகத்தில் ஹிந்துஸ்தான் கப்பலுக்கும் பிரிட்டிஷ் படைக்கும் துப்பாக்கிச் சண்டையே நடந்தது. அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். நல்ல சாப்பாடு வேண்டும், பிரிட்டிஷ் மாலுமிக்குச் சமமான சம்பளம் வேண்டும், நேதாஜியின் ஐ.என்.ஏ. கைதிகளை விடுதலை செய்ய வேண்டும், இந்தோனேசியாவிலிருந்து இந்தியத் துருப்புகளைத் திரும்ப அழைக்க வேண்டும். சோறும் நாடும் ஒரே தாளில். படேல் சொன்ன யோசனையை ஏற்று 23ஆம் தேதி சரணடைந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்டவர்களின் வேலை போனது. சுதந்திர இந்தியாவின் கடற்படையும் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. டஃப்ரின் வாசலில் நுழைந்தவர் அட்மிரல் ஆனார், இந்த வாசலில் நுழைந்தவர் வெறுங்கையோடு ஊருக்குத் திரும்பினார். இருவரும் ஏறக்குறைய ஒரே வயதில் கையெழுத்துப் போட்டவர்கள். இதை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

இனி உங்கள் ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் படிவம். என்சிசி சட்டம் 1948ல் வந்தது, கடற்படைப் பிரிவு 1952ல். பள்ளி மாணவர்களுக்கு 13 வயதிலிருந்து, இரண்டு வருடம். முடிவில் 'ஏ' சான்றிதழ் தேர்வு. பெண் பிள்ளைகளும் சேரலாம். இதில் சேர்ந்தால் படையில் சேர்ந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. எனவே அந்தப் பயம் வேண்டாம்.

பிள்ளைக்கு ஆசை நிலைத்து, மேலே போக நினைத்தால், அப்போதுதான் எந்த வாசல் என்று கேளுங்கள். அதிகாரியாக என்றால் என்.டி.ஏ. தேர்வு உண்டு, பதினாறரை வயது முதல் பத்தொன்பதரை வரை. கடற்படைக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் அவசியம். 2022 முதல் பெண்களும் அதில் சேர்கிறார்கள். மாலுமியாக என்றால் இப்போது அக்னிவீர் திட்டம். நான்கு வருடம், அதன் பிறகு அதிகபட்சம் கால்வாசிப் பேரை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஒரு மொத்தத் தொகை உண்டு, பென்ஷன் கிடையாது. வணிகக் கப்பல் என்றால் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு. அதன் தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. டஃப்ரின் 1972ல் ஓய்வு பெற்று, அதன் இடத்தில் ராஜேந்திரா என்ற கப்பல் வந்து, அதுவும் 1993ல் போய், நவி மும்பைக் கரையில் சாணக்யா என்ற கல்லூரியாக நின்றது. இன்று அந்தச் சாணக்யாவும் இதே பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகிறது.

வேறெந்த ஏற்பாட்டுக்கும் முன்னால் கண் டாக்டரிடம் போய் நிறப்பார்வைச் சோதனை செய்துவிடுங்கள். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. இரவில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதை அந்த நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத பிள்ளைக்கு இந்த வாசல்களில் பெரும்பாலானவை மூடியிருக்கும். அதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.