வல்லுப்பலகையும் வீட்டுக் கூடமும்

தமிழகத்தின் பலகை ஆட்டங்களைப் பற்றிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, ஆட்டம் நின்றுபோன ஓர் இடத்தைக் காட்டுகிறது. பாண்டியன் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியை மருதன் இளநாகனார் பாடிய புறநானூற்றின் 52ஆம் பாடலில், பகைவர் நாட்டுப் பொதியில், அதாவது ஊரார் கூடும் பொதுமன்றம், வழிபாடின்றிப் பாழ்பட்டுக் கிடக்கிறது. நரைத்த முதியவர்கள் காய்களை இட்டு இட்டுக் குழிந்துபோன ஆட்டக்களத்தில் இப்போது காட்டுக்கோழி முட்டையிடுகிறது. ஓர் ஊரின் அழிவைச் சொல்ல முதியோரின் ஆட்டம் ஒழிந்ததைப் புலவர் தேர்ந்தெடுத்தார் என்றால், அந்த ஆட்டம் ஊர் உயிர்ப்போடு இருப்பதற்கு அடையாளமாக அக்காலத்தில் கருதப்பட்டது என்றே கொள்ள வேண்டும். இவ்வாட்டக் கருவிக்கு வல் என்றும், அதன் காய்க்கு நாய் என்றும் பெயர் வழங்கியது. வல் என்பதோடு நாய், பலகை ஆகிய சொற்கள் சேரும்போது எவ்வாறு புணரும் என்பதற்குத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் தனி விதியே வகுத்துள்ளது.

பெரியவர்களுக்குப் பொதியில் இருந்ததுபோலச் சிறுவர்களுக்கு மரநிழல் இருந்தது. வேப்பமர நிழலில் கட்டம் கீறி, நெல்லிக்காய்களைக் காய்களாக்கி ஆடும் சிறுவரை நற்றிணையின் 3ஆம் பாடல் காட்டுகிறது. கீழடி அகழாய்வில் தந்தப் பகடைகளும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்திருப்பதால், இவை வெறும் புலவர் கற்பனை அல்ல என்பது உறுதியாகிறது.

பிற்காலத்துக்குரிய கண்கூடான சான்றுகள் கோயில் மண்டபத் தளங்களில் உள்ளன. 3 புலிகளும் 15 ஆடுகளும் மோதும் ஆடுபுலி ஆட்டத்தின் முக்கோணக் கோடுகளையும், பல்லாங்குழியின் இரட்டைவரிசைக் குழிகளையும் பல ஊர்களின் தளக்கற்களில் இன்றும் காணலாம். திருப்பணியின்போது தளக்கற்கள் மாற்றப்பட்டால் இக்கோடுகளும் உடன் போய்விடுமாதலால், கல்வெட்டுகளைப் படியெடுக்கும் அதே அக்கறையோடு இவற்றையும் பதிவு செய்வது அவசரமான பணியாகும்.

ஆனால் பொதுவிடத்து ஆட்டம் கல்லில் தங்கியதைப்போல வீட்டு ஆட்டம் தங்கவில்லை. மாலையில் கூடத்திலோ திண்ணையிலோ சாக்குக்கட்டியாலோ கரியாலோ வரைந்த கட்டம், மறுநாள் தரையைத் துடைத்தவுடன் அழிந்துவிடும். ஒருபக்கம் வெள்ளை தெரியும்படி உரசப்பட்ட புளியங்கொட்டைகளே பகடையாக அமைந்ததால் அவையும் எஞ்சவில்லை. எழுத்துச் சான்றுகளுள் அறநூல்களின் குரலே உரக்கக் கேட்கிறது. திருக்குறளின் 94ஆம் அதிகாரமான சூது, பொருளைப் பணயம் வைத்து அழிவோரைக் கண்டிக்கிறது. அக்கண்டனத்தைக் கொண்டு எல்லாக் காய் ஆட்டங்களையும் அளப்பது, பெண்களும் குழந்தைகளும் அண்டை வீட்டாரும் பணயமின்றி ஆடிக் கழித்த பொழுதுகளை வரலாற்றிலிருந்து நீக்குவதாகும்.

அவ்வீட்டு ஆட்டங்களுள் தாயம் நுட்பமான கணக்குடையது. 1, 2, 3 என்னும் புள்ளிகளும் ஒரு வெற்றுமுகமும் கொண்ட இரண்டு நீண்ட பித்தளைக் கட்டைகளை உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றுள் இரண்டே ஒன்றைத் தரும். அந்த ஒன்றுதான் தாயம்; அது விழாமல் காய் களத்தில் இறங்காது. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12 என்று கொள்வதும், 1, 5, 6, 12 விழுந்தவருக்கு மறு உருட்டல் தருவதும் பரவலான வழக்கு. பெருக்கற்குறியிட்ட கட்டமான மலையில் நிற்கும் காயை வெட்ட இயலாது. சுற்றை முடித்து நடுவில் சேர்ந்த காய் பழம் எனப்படும். தாயத்துக்குக் காத்திருப்பவர் எட்டில் ஒரு வாய்ப்பையே நம்பியிருப்பதால், சூழ இருப்போரின் கேலியும் ஊக்கமும் ஆட்டத்தின் பகுதியாகவே ஆகிவிடுகின்றன.

பல்லாங்குழி இதற்கு மாறாகப் பகடையே இல்லாதது. ஆளுக்கு ஏழாக 14 குழிகளில் சோழிகளையோ புளியங்கொட்டைகளையோ பகிர்ந்துகொண்டே செல்கையில், ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு எனப்பட்டுக் குழிக்குரியவரைச் சேரும். எதிரியின் கணக்கை மனத்தில் ஓட்டுபவரே இதில் வெல்வார். பூப்பெய்திய பெண் தனித்திருந்த நாள்களிலும், கருவுற்ற பெண்ணைச் சுற்றித் தோழியர் கூடிய வேளைகளிலும் ஆடப்பட்டதால், இது பெண்களின் கணக்கறிவுக்கு வீட்டுக்குள்ளேயே அமைந்த களமாக விளங்கியது.

வைகுண்ட ஏகாதசி இரவிலோ வீடே விழித்திருந்து பரமபதம் ஆடும். ஏணிகளும் பாம்புகளும் வரைந்த படத்தின் அடியில் தொடங்கி உச்சியிலுள்ள வைகுண்டத்தை அடைய வேண்டிய இவ்வாட்டத்தில், மேல்வரிசையில் வாய்பிளந்து கிடக்கும் பெரும்பாம்பு, ஏறக்குறைய முடித்துவிட்டவரையும் மீண்டும் கீழே தள்ளிவிடும். பிற இரவுகளில் சலிப்பூட்டக்கூடிய இந்த நீட்சியே, விடியும்வரை கண்ணயராதிருக்க வேண்டியவர்களுக்குப் பொருத்தமான துணையாயிற்று.