பதினைந்து டாலர் கம்பி

நண்பன் ஒருத்தன் போன வாரம் தன் காருக்குத் தடிமனான ஸ்வே பார் மாட்டினான். "வளைவுல சாயவே மாட்டேங்குது மச்சி"ன்னு ஒரே குஷி. எனக்கு கார்வேர் கதை ஞாபகம் வந்துடுச்சு.

ஸ்வே பார் ஒண்ணும் பெரிய விஷயமில்லீங்க. இடது, வலது சக்கரங்களை இணைக்கிற எஃகுக் கம்பி. கார் சாயும்போது முறுக்கிக்கிட்டு எதிர்த்து நிக்கும். கனடாவில் ஸ்டீபன் கோல்மேன் 1919-லேயே காப்புரிமை வாங்கிட்டார்.

1960 மாடலா வந்த செவர்லே கார்வேருக்கு எஞ்சின் பின்னாடி. வேகமா திருப்பினா வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்ளே மடங்கி, வால் சுழன்றுடும். முன்பக்கம் ஸ்வே பார் இருந்தா இது குறையும். ஆனா ஆரம்பத்துல போடலை. பதிலுக்கு முன் டயர்ல 15, பின் டயர்ல 26 பி.எஸ்.ஐ. காத்து வைக்கச் சொன்னாங்க. நம்ம பாஷையில, பக்கை சரி பண்ணாம மேனுவல்ல எழுதிட்டாங்க! செலவு காருக்கு சுமார் 15 டாலர்தான்னு ஜெனரல் மோட்டார்ஸ்ல இருந்த ஜான் டிலோரியன் பின்னாளில் சொன்னார்.

1964 மாடல்லதான் எல்லா கார்வேருக்கும் பார் வந்துச்சு. அதுக்குள்ள விபத்துகள், வழக்குகள். 1965-ல் ரால்ஃப் நேடரோட புத்தகத்தில் முதல் அத்தியாயமே கார்வேர்தான். 1966-ல் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம். 'அந்தக் காலத்து மத்த கார்களைவிட மோசமில்லை'ன்னு 1972-ல் அரசு ஆய்வு சொன்னதையும் சொல்லிடணும்.

"அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்"னு நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். என் பக்கால யாரும் கவிழ்ந்ததில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.