ஒழுகும் கூரைக்கு உரியவர் யார்?

வீட்டைக் கட்டியவன் பெயரைக் கல்லிற் பொறித்து வைப்பது வழக்கம். அதே வீட்டைப் பழுது பார்த்துக் காத்தவன் பெயரை எந்தக் கல்லும் சொல்வதில்லை. சரித்திரமும் பெரும்பாலும் அவ்வாறே நடந்துகொள்கிறது. இந்நகரில் எத்தனை மாடிகள் எழும்பின, எத்தனை குடும்பங்கள் குடியேறின என்ற கணக்கை நாம் மனப்பாடமாகச் சொல்வோம். எழும்பிய சுவரில் வெடிப்புக் கண்டபொழுது அதனை அடைக்கும் பொறுப்பு யாருடையதாயிருந்தது, அதற்கான பணத்தை யார் கொடுத்தார் என்று கேட்டால் திகைப்போம். குடியிருப்பவனுக்கோ அவையே நாள்தோறும் எழும் வினாக்கள். ஆகவே பழுதுபார்ப்பின் சரித்திரத்தைச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

முதலில் குத்தகை என்பது யாது என்று தெளிந்துகொள்வோம். குத்தகை வீட்டை விலை கொடுத்து வாங்கினாலும், வாங்கப்படுவது குறித்த ஆண்டுகள் வரை அதனை அனுபவிக்கும் உரிமையேயாகும். நிலம் நிலமுடையாரிடமே தங்கிவிடுகிறது. தவணை முடிந்தபின் சுவரும் கூரையும் அவரையே சென்று சேரும். ஆகவே ஒரே சுவருக்கு இருவர் உரியராகின்றனர். ஒருவர் இன்று அதனுள் வாழ்கின்றார். மற்றவர் நாளை அதனைப் பெறப்போகின்றார். பழுது நேரும்பொழுது ‘இதற்கு நான் ஏன் செலவிடவேண்டும்?’ என்று இருவருமே கேட்கக்கூடும். இவ்வினாவுக்குச் சட்டமும் வழக்கமும் அந்தந்தக் காலத்தில் என்ன விடை கூறினவோ, அதற்கேற்பவே வீடுகள் நிலைத்தன அல்லது சிதைந்தன. சிங்கப்பூரின் இருநூறாண்டுச் சரித்திரம் இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றது.

கடைவீடுகளின் கதை

1822ஆம் ஆண்டில் ராபிள்ஸ் நகர அமைப்புக்கு விதிகள் வகுத்தபொழுது, வீடுகள் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டப்படவேண்டும் என்றும், தெருவை ஒட்டி மூடிய நடைபாதை இருக்கவேண்டும் என்றும் கட்டளையிட்டார். நம்மவர் ‘அஞ்சடி’ என்று வழங்கும் நடைபாதை அவ்விதியின் வழி வந்ததேயாகும். எப்படிக் கட்டவேண்டும் என்று நகரம் தெளிவாகச் சொல்லிற்று. ஆனால் பிற்காலத்தில் ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய மாடியைப் பலகைத் தட்டிகளால் தடுத்துப் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டனர். கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாயிருந்து அநுபவம் பெற்ற டாக்டர் சிம்சன், 1907ஆம் ஆண்டில் இந்நகரின் சுகாதார நிலைமையைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். காற்றும் வெளிச்சமும் நுழையாத அறைகளையும், அங்கே பரவிய சயரோகத்தையும் அவ்வறிக்கை எடுத்துக் காட்டிற்று. வீடுகளின் பின்புறம் சந்துகள் திறக்கப்படவேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார்.

யுத்தம் முடிந்தபின் வீட்டுப் பஞ்சம் கடுமையாயிற்று. 1947ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. யுத்தத்துக்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகை, 1939 ஆகஸ்டு 1ஆம் நாள் இருந்த அளவை அடிப்படையாகக் கொண்டு கட்டுப்படுத்தப்பட்டது. ஏழைக் குடித்தனக்காரனைத் தெருவில் நிறுத்தாமல் காத்த சட்டம் அது. அதன் நோக்கத்தை நாம் குறைகூற மாட்டோம். ஆயினும் அதன் விளைவு இருமுனைக் கத்திபோலாயிற்று. பழைய வாடகையைப் பெற்றுப் புதிய விலையில் ஓடும் மரமும் வாங்கிக் கூரை மாற்ற வீட்டுக்காரர் முன்வரவில்லை. உள்ளே வாழ்ந்தவருக்கோ வீடு சொந்தமன்று. பிறர் சொத்தில் தம் பணத்தைக் கொட்ட அவருக்கும் மனமில்லை. இருவருக்கும் இடையே கூரை ஒழுகிற்று, உத்திரம் உளுத்தது. வாடகைக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 2001ஆம் ஆண்டில் முற்றும் நீக்கப்பட்டது. செலவிடும் கடமை ஒருவரிடத்தும் பயன் பெறும் உரிமை வேறொருவரிடத்தும் கிடந்தால் வீடு அநாதையாகும் என்பதே அக்கடைவீடுகள் நமக்குப் புகட்டிய பாடம்.

வாடகையிலிருந்து குத்தகைக்கு

1927ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அபிவிருத்தி டிரஸ்ட் தோன்றிற்று. 1936ஆம் ஆண்டில் தியோங் பாருவில் அதன் அடுக்குமாடி வீடுகளிற் குடியேற்றம் தொடங்கிற்று. 1959ஆம் ஆண்டு வரை அது கட்டிய வீடுகள் ஏறத்தாழ 23,000. பெருகிவந்த ஜனத்தொகைக்கு அவை போதவில்லை. 1960 பிப்ரவரி 1ஆம் நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. மறு ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ, ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கிற்று. அதன்பின் கழகத்தின் வேலை பன்மடங்கு வேகம் பெற்றதை நாடறியும்.

நம் ஆராய்ச்சிக்கு முக்கியமான ஆண்டு 1964. அவ்வாண்டில்தான் கழகம் தன் வீடுகளை 99 ஆண்டுக் குத்தகைக்கு விற்கத் தொடங்கிற்று. 1968ஆம் ஆண்டு முதல் மத்திய சேம நிதிப் பணத்தைக் கொண்டு வீடு வாங்கலாம் என்ற விதியும் வந்தது. நேற்றுவரை வாடகை கொடுத்தவர் இன்று வீட்டுக்காரர் ஆனார். பெருமையோடு கடமையும் அவரை வந்தடைந்தது. வாடகை வீட்டின் பழுதைக் கழகத்திடம் முறையிடலாம்; குத்தகை வீட்டின் உட்புறப் பழுதைத் தாமே பார்த்துக்கொள்ளவேண்டும். படிக்கட்டு, மின்தூக்கி, வெளிச்சுவர், மேற்றளம் ஆகியவை பொதுச்சொத்தாயின. 1986ஆம் ஆண்டில் அங் மோ கியோவில் சோதனையாகத் தொடங்கிய நகரமன்ற ஏற்பாடு 1988ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. பொதுச்சொத்தின் பராமரிப்பு நகரமன்றங்களின் கைக்கு மாறிற்று. குடியிருப்போர் மாதந்தோறும் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதி, பிற்காலத்தில் நேரும் பெருஞ்செலவுகளுக்கென்று தனியே சேமிக்கப்படுகின்றது.

காரை ஏன் பெயர்கிறது?

நிற்க. பழுதின் தன்மையை அறியாமல் பொறுப்பைப் பற்றி வாதிடுவதில் பயனில்லை. பழைய அடுக்குமாடிகளில் அடிக்கடி காணும் குறை, கூரையிலிருந்து காங்கிரீட் பெயர்ந்து விழுவதாகும். காங்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும்; இழுப்பைத் தாங்காது. அதற்காகவே உள்ளே இரும்புக் கம்பிகளை வைக்கின்றனர். சிமெண்டின் காரத்தன்மை அக்கம்பிகளைத் துருப்பிடியாமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமிலவாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உட்புகுந்து அக்காரத்தன்மையைக் குறைக்கிறது. ஈரமும் சேருமிடத்துக் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலே போர்த்தியிருக்கும் காங்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளிப் பிளந்துவிடுகிறது. குளிப்பறையிலும் சமையலறையிலும் இது மிகுதியாகத் தோன்றுவதற்குக் காரணம் அங்குள்ள ஈரமேயாகும். இதனைக் கெட்ட காலம் என்று சொல்லி வாளாவிருப்பதும், வெடிப்பின்மேல் வெள்ளை பூசி மறைப்பதும் ஒன்றே. தளர்ந்த காங்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, அதற்குரிய சாந்தால் மூடவேண்டும். சிறு வெடிப்பாயிருக்கையில் சிறு செலவோடு முடியும் வேலை, கம்பி மெலிந்தபின் பெருவேலையாகிவிடும்.

மேல்வீட்டின் தரையும் கீழ்வீட்டின் கூரையும்

மற்றொரு பழுது, அண்டை வீட்டாரின் நட்பையே சோதிப்பது. கீழ்வீட்டின் கூரையில் நீர்க்கசிவு தோன்றுகிறது. மேல்வீட்டார் தரையில் ஒரு குறையும் காணார். கசிவைப் பார்ப்பவர் ஒருவர். அதன் காரணம் கிடப்பது மற்றொருவர் தரைக்கடியில். நடுவிலுள்ள தளம் யாருடையது?

இவ்வினாவுக்கு இந்நாட்டில் இருவேறு விடைகள் வழங்குகின்றன. தனியார் அடுக்குமாடிகளுக்குரிய 2004ஆம் ஆண்டுச் சட்டம், கூரையில் ஈரம் தோன்றினால் குறை மேல்வீட்டில் உள்ளதென்றே அநுமானிக்கிறது; அன்று என்று நிரூபிக்கும் பாரம் மேல்வீட்டாருடையது. கழக வீடுகளில் வேறு முறை. நடுத்தளம் இருவருக்கும் பயன்படுவதால் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்தே பழுதைத் திருத்தவேண்டும். இருவரும் இசைந்தால் கழகமே உதவித் திட்டத்தின்கீழ் வேலையை முடித்துச் செலவில் பாதியை ஏற்கிறது. எஞ்சிய பாதியை இருவரும் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றனர். முன்னது, குற்றவாளி யார் என்று கேட்கும் முறை. பின்னது, ஒழுகல் எப்படி நிற்கும் என்று கேட்கும் முறை. நியாயத்தின் கண்ணுக்கு முன்னதே நேர்மையானதாகத் தோன்றலாம். அநுபவத்தில் பின்னதே விரைவில் கூரையை உலர்த்துகிறது என்பது நம் கருத்து. ஆயினும் கதவைத் திறக்க மறுக்கும் ஒருவரால் முழு ஏற்பாடும் நின்றுவிடலாம். அதனாலேயே 2015ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, அவசரப் பழுதுகளைப் பார்க்க வீட்டினுள் நுழையும் அதிகாரம் கழகத்துக்கு அளிக்கப்பட்டது.

புதிய வீட்டில் நிலைமை இன்னும் தெளிவு. சாவி பெற்ற நாள் முதல் ஓராண்டுக்குள் காட்டப்படும் கட்டுமானக் குறைகளைத் திருத்தித் தரவேண்டும். கழக வீடுகளில் குளிப்பறை, சமையலறைக் கூரைக் கசிவுக்கும் வெளிச்சுவர்க் கசிவுக்கும் 5 ஆண்டும், காங்கிரீட் பெயர்வுக்கு 10 ஆண்டும் உத்தரவாதம் உண்டு. குளிப்பறைத் தரைக்கற்களை முதல் 3 ஆண்டுகளுக்குள் பெயர்க்கலாகாது என்பதும் விதி. அடியிலுள்ள நீர்த்தடுப்புப் படலம் சேதமடையாதிருக்கவே அது விதிக்கப்பட்டது. அழகுக்காக அதனை மீறுவோர் கீழ்வீட்டாரின் கூரையை உடைக்கின்றனர் என்க.

சிராங்கூன் சாலை தந்த எச்சரிக்கை

1986 மார்ச் 15ஆம் நாள், நம்மவர் நாள்தோறும் நடமாடும் சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்குமிடத்தில் நின்ற ஆறுமாடி நியூ வோர்ல்டு ஹோட்டல் கட்டடம் சில கணங்களில் இடிந்து விழுந்தது. 33 பேர் மாண்டனர். கட்டடத்தின் சொந்தப் பளுவையே கணக்கிற் சேர்க்காமல் அது வடிவமைக்கப்பட்டிருந்தது என்று விசாரணையில் வெளியாயிற்று. பதினைந்தாண்டுகளாக அங்கே மனிதர் வந்துபோயினர். குறை தூண்களுக்குள் மறைந்திருந்தது. 1989ஆம் ஆண்டுக் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதன் விளைவே. குடியிருப்புக் கட்டடங்களைப் 10 ஆண்டுக்கொரு முறையும், மற்றவற்றை 5 ஆண்டுக்கொரு முறையும் தேர்ந்த பொறியியலாளர் சோதிக்கவேண்டும் என்ற ஏற்பாடு அன்று நிலைபெற்றது. குடியிருப்பவர் கண்ணுக்குப் புலப்படாத குறையைத் தேடுவது சர்க்காரின் கடமை என்பது அதனால் உறுதியாயிற்று.

தவணை குறைய, பழுது பெருக

1990ஆம் ஆண்டை ஒட்டிக் கழகம் பழைய பேட்டைகளைப் புதுப்பிக்கத் தொடங்கிற்று. 2007ஆம் ஆண்டில் இல்ல மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பெயரும் காங்கிரீட்டைத் திருத்துதல், பழைய கழிவுநீர்க் குழாய்களை மாற்றுதல் முதலிய இன்றியமையாத வேலைகளுக்குச் சிங்கப்பூர்க் குடிமக்கள் பணம் கொடுக்கவேண்டுவதில்லை. விரும்பிச் செய்துகொள்ளும் வேலைகளுக்கு வீட்டின் வகைக்கேற்ப நூற்றுக்கு 5 முதல் 12½ வரை அவர்கள் செலுத்துகின்றனர். தகுதிபெற்ற குடும்பங்களில் நூற்றுக்கு 75 வாக்களித்தாலன்றி ஒரு கட்டடத்தில் வேலை தொடங்காது. முதலில் 1986 வரை கட்டிய வீடுகளுக்கிருந்த திட்டம், 2018ஆம் ஆண்டில் 1997 வரை கட்டியவற்றுக்கும் விரிக்கப்பட்டது. நிலமுடையாரும் குடியிருப்பவரும் செலவைப் பகிர்ந்துகொண்டதே இதன் சிறப்பு. கடைவீடுகள் கற்பித்த பாடத்தை நாடு மறக்கவில்லை என்பதற்கு இஃதோர் அடையாளம்.

ஆயினும் ஒரு கடினமான வினா முன்னே நிற்கிறது. 1960களில் தொடங்கிய குத்தகைகள் 2060களில் முடிவெய்தும். தவணை முடிவு வெறும் எழுத்தன்று என்பதைக் கேலாங் லோரோங் 3 காட்டிற்று. அங்கே 191 தரைவீட்டு மனைகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31ஆம் நாள் முடிந்தது. ஈட்டுத்தொகையின்றி நிலம் சர்க்காரிடம் திரும்பிற்று. 2019ஆம் ஆண்டு முதல், வாங்குவோரின் 95 வயது வரை எஞ்சிய குத்தகை நீடிக்காவிடில் சேம நிதிப் பணத்தை முழுமையாகப் பயன்படுத்த இயலாது என்ற விதியும் வழங்குகிறது. எழுபதாண்டு முதிர்ந்த பேட்டைகளுக்கென்று, குடியிருப்போரின் வாக்கைப் பெற்று முன்கூட்டியே மறுமேம்பாடு செய்யும் திட்டமும், அறுபது எழுபதாண்டு வீடுகளுக்கு இரண்டாம் முறை மேம்பாடும் 2018ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டன.

இடைப்பட்ட காலத்தில் என் செய்வது? இன்னும் முப்பது ஆண்டே மிச்சமுள்ள வீட்டில் ஒரு முதியவர் கூரையைத் திருத்தப் பணம் போடுவாரா? ‘வீடு திரும்பிப் போகப்போவதுதானே’ என்று அவர் எண்ணினால், 1947க்குப் பிந்திய கடைவீட்டின் கதை அடுக்குமாடியில் மீண்டும் நடைபெறும். வீட்டின் விலை குறையலாம். அதில் உறங்குவோரின் உயிரின் விலை குறைவதில்லை. எனவே குத்தகையின் இறுதிப் பகுதியில் நிலமுடையாராகிய சர்க்காரின் பங்கு கூடவேண்டும், குடியிருப்பவரின் பங்கு குறையவேண்டும் என்பதே நியாயம் என நாம் கருதுகின்றோம். சுவரைத் திரும்பப் பெறப்போகிறவர் அதனைக் காப்பதிலும் முன்நிற்கவேண்டுமன்றோ?

அன்பர்களே, சர்க்காரிடம் கேட்கும் உரிமை நமக்குண்டு. நம் கடமையும் உடன் உண்டு. சிறு வெடிப்பைக் கண்ட அன்றே அறிவியுங்கள். கீழ்வீட்டார் கதவைத் தட்டினால் பகைவராகக் கருதாமல் உள்ளே அழைத்துத் தரையைக் காட்டுங்கள். பொதுச்சொத்தின் கணக்கை ஆண்டுதோறும் வாசியுங்கள். வாக்களிக்கும் நாளில் மறவாது வாக்களியுங்கள். நமக்கு மேலும் கீழும் வாழ்வோரோடு நாம் ஒரே கூரையைப் பகிர்ந்துகொள்கின்றோம். அக்கூரைக்கு உரியவர் யார் என்ற வினாவுக்கு, அதனடியில் வாழும் அனைவரும், அதனை நாளை பெறப்போகும் சர்க்காரும் என்பதே சரித்திரம் தரும் விடை.