பூச்சியை வெல்லும் பூச்சி: பஸராவிலிருந்து கொங்கு நாடு வரை

ஓர் உயிர் மற்றோர் உயிருக்கு உணவாவதும், அதனால் எவ்வினமும் எல்லை மீறிப் பெருகாதிருப்பதும் அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் பொருளாகும். ஹிஜ்ரி 255இல் பஸராவில் மறைந்த அல் ஜாஹிழ், தம் 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலில் இதனை விரித்துரைத்துள்ளார். வலிய உயிர் எளியதை வேட்டையாடுகிறது. அதுவே தன்னினும் வலியதற்கு இரையாகிறது என்பது அவர் கண்ட முறைமை. ஈ, கொசு, எறும்பு ஆகிய சிற்றுயிர்களையும் அவர் ஆராயத் தகாதவை என ஒதுக்கினாரல்லர்.

ஏட்டில் இருந்த இவ்வறிவு அரபு மண்ணின் தோட்டங்களிலும் வழங்கியது. 1763இல் யமன் நாட்டில் உயிர்நீத்த இயற்கை ஆய்வாளர் பீட்டர் ஃபோர்ஸ்காலின் குறிப்புகள் 1775இல் அச்சேறின. பேரீத்த மரங்களைக் கெடுக்கும் எறும்புகளை ஒழிக்க, யமன் உழவர்கள் மலைகளிலிருந்து வேறோர் எறும்பினத்தைக் கொணர்ந்து மரங்களில் விட்டதை அவற்றில் காண்கிறோம்.

தென்னிந்தியாவும் இம்முறையை அறியாததன்று. நிலங்களை அடைத்து நின்ற சப்பாத்திக்கள்ளியை அழிக்க, 1926இல் இலங்கையிலிருந்து ஒரு சாறுறிஞ்சும் பூச்சியினம் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளில் கள்ளிப் புதர்கள் பரந்த அளவில் பட்டுப்போயின.

இதே முறை கொங்கு உழவரின் வாழ்வைக் காக்க வேண்டிய நிலை 2008இல் எழுந்தது. மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, அவ்வாண்டு கோயம்புத்தூரில் முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்டது. ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகியவற்றை அது சூறையாடியது. அதன் உடலைப் போர்த்தியுள்ள வெண்மெழுகு நீரை ஒட்டவிடாது. தெளித்த மருந்து துளிகளாகத் திரண்டு வழிந்துவிடும். மல்பெரி பயிரிட்டோரின் இடர் இன்னும் பெரிது. நஞ்சு தெளித்த இலையை உண்ட பட்டுப்புழு மாய்ந்துவிடும். தெளிக்காவிடில் இலையே மிஞ்சாது.

2010இல் பெங்களூரின் தேசியப் பூச்சி ஆய்வு மையம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியுடன் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவியினங்களை வரவழைத்தது. அவற்றுள் 'அசெரோஃபேகஸ் பப்பாயே' சிறந்து விளங்கியது. எறும்பினும் சிறிய இக்குளவி, உணர்கொம்புகளால் மாவுப்பூச்சியைத் தட்டிச் சோதித்து, ஏற்றது எனக் கண்டால் அதன் உடலுள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே அதனை உண்டு வளரும். பின்னர் உலர்ந்த கூட்டைத் துளைத்துக் குளவியாக வெளிவரும். மெழுகுக் கவசம் மருந்தைத் தடுத்ததேயன்றிக் குளவியைத் தடுக்கவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதனைப் பெருக்கி உழவர்க்கு வழங்கியது, மாவுப்பூச்சியும் அடங்கியது.

2020இல் மரவள்ளி மாவுப்பூச்சி என்னும் வேறோர் இனம் கேரளத்தில் தோன்றிச் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களுக்கும் பரவியது. இப்பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானோரின் உணவைப் பறிக்க முனைந்ததாகும். ஹான்ஸ் ஹெரன் என்னும் அறிஞரின் தலைமையில், பராகுவே நாட்டுக் குளவி 1981இல் நைஜீரியாவில் விடப்பட்டு அக்கேடு தடுக்கப்பட்டது. அவர் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அக்குளவியே பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் விடப்பட்டது.

ஆயினும் அயல்நாட்டு உயிரைக் கொணர்வது விளையாட்டன்று. அது பிற நல்லுயிர்களைத் தாக்குமா எனத் தனிமையில் வைத்துச் சோதித்த பின்னரே வயலில் விடுவர். விட்ட பின்பு உழவர் பழக்கத்தால் கடும் நஞ்சைத் தெளிப்பாராயின் குளவியே முதலில் மடியும். மெழுகுக்குள் இருக்கும் பகை பிழைத்துக்கொள்ளும். பொறுமையும் இம்முறையின் ஒரு பகுதியே.

நம் அரபிக் கல்லூரிகளில் ஜாஹிழ் பெரும்பாலும் உரைநடை அழகுக்காகவே பயிலப்படுகிறார். அவர் எவற்றை அத்துணைக் கூர்மையாக நோக்கினார் என்பதையும் மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும். வகுப்பறையிலிருந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அருகிலுள்ள தோட்டத்தில் ஒரு பப்பாளி இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தாலே பாடம் தொடங்கிவிடும்.