தொட்டிலிலிருந்து பள்ளிக்கு: கியூபெக் மாகாண மக்கள்தொகை வரலாறு – ஒரு மறுநோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கனடாவில் பிரெஞ்சு மொழியினர் பெரும்பான்மையாக வாழும் ஒரே மாகாணம் கியூபெக். அம்மக்கள் நிலைபெற்றதற்கு அவர்களின் உயர்ந்த பிறப்பு வீதமே காரணம் என்னும் கருத்து நெடுங்காலமாக வழங்கிவருகிறது. பிறப்பு, புலம்பெயர்வு, குடியேற்றம், பள்ளிமொழி ஆகியவற்றை ஒருசேர நோக்கும்போது இக்கருத்து ஒரு காலகட்டத்திற்கு மட்டுமே பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கியூபெக், மக்கள்தொகை வரலாறு, கருவள வீதம், புலம்பெயர்வு, மொழிச் சட்டம்.

முன்னுரை

ஒரு மொழிச் சமூகத்தின் எண்ணிக்கை அதன் அரசியல் வலிமையோடு பிணைந்தது. 1867ஆம் ஆண்டு கனடாக் கூட்டாட்சி உருவானபோது, நாடாளுமன்றத்தில் கியூபெக்கிற்கு 65 இடங்கள் நிலையாக வரையறுக்கப்பட்டன. பிற மாகாணங்களின் இடங்கள் அந்த விகிதத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டன. அக்காலத்தில் கனடா மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கியூபெக்கில் வாழ்ந்தனர். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இப்பங்கு 23 விழுக்காடு. மாகாணத்தின் மக்கள்தொகை 85 இலட்சமாகப் பெருகியிருந்தும் நாட்டில் அதன் பங்கு சுருங்கியிருக்கிறது. இம்முரணே இவ்வாய்வின் தொடக்கப்புள்ளி.

குடியேற்றக் காலம்

1608இல் சாம்ப்ளேன் கியூபெக் நகரை நிறுவினார். அரச நிருவாகியான ழான் தலோன் 1666இல் நடத்திய கணக்கெடுப்பு 3,215 பேரைப் பதிவுசெய்தது. அவர்களுள் ஆண்கள் 2,034 பேர், பெண்கள் 1,181 பேர். தொல்குடியினர் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. யாரை மக்களாகக் கருதுவது என்னும் முடிவு முதற்கணக்கெடுப்பிலேயே எடுக்கப்பட்டுவிட்டதை இது காட்டுகிறது.

ஆண், பெண் ஏற்றத்தாழ்வைச் சீர்செய்ய, 1663 முதல் 1673 வரை ஏறத்தாழ 800 இளம்பெண்கள் அரசச் செலவில் அனுப்பப்பட்டனர். இவர்கள் ‘அரசரின் மகளிர்’ எனப்பட்டனர். மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மக்கள்தொகையியல் ஆய்வுத்திட்டம் 1966 முதல் கத்தோலிக்கப் பங்குகளின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளை ஒன்றிணைத்துக் குடும்பங்களை மீட்டுருவாக்கி வருகிறது. பிரெஞ்சு ஆட்சிக்காலம் முழுவதிலும் நிலையாகத் தங்கிய குடியேறிகள் ஏறத்தாழ 10,000 பேர் மட்டுமே என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று.

பெருக்கமும் வெளியேற்றமும்

1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையால் இந்நிலப்பகுதி பிரித்தானியரிடம் சென்றது. பிரான்சிலிருந்து குடியேற்றம் ஏறக்குறைய நின்றது. அப்போது சுமார் 70,000 ஆக இருந்த பிரெஞ்சு வழியினர் 1851இல் ஏறத்தாழ 6,70,000 ஆயினர். புதியோர் வரவு மிகச் சிறிதாயிருந்தும் ஏறத்தாழ 27 ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகை இரட்டித்திருக்கிறது. இளவயதுத் திருமணம், விரிந்துகிடந்த விளைநிலம், திருச்சபையின் போதனை ஆகியன இதற்குத் துணைநின்றன.

எனினும் நிலம் எல்லையற்றதன்று. செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரைப் பண்ணைகள் நிரம்பியபின், மிகுதியான இளையோருக்கு வாழ்வு நியூ இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் அமைந்தது. 1840 முதல் 1930 வரை ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பேர் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்றனர். அவர்களின் வழித்தோன்றல்களுள் பெரும்பாலோர் காலப்போக்கில் ஆங்கில மொழியினராயினர்.

‘தொட்டில்களின் பழிவாங்கல்’ என்னும் தொடரை இயேசு சபைத் துறவி லூயி லலாந்து 1918இல் பரவலாக்கினார். போர்க்களத்தில் இழந்ததைத் தொட்டிலில் மீட்டோம் என்பது அதன் உட்பொருள். காலநிரல் இங்குக் கருதத்தக்கது. அத்தொடர் புகழ்பெற்றபோது பிறப்பு வீதம் ஏற்கெனவே சரியத் தொடங்கியிருந்தது. தொட்டில் தந்த பெருக்கத்தில் பெரும்பகுதியை ஆலைகள் ஈர்த்துக்கொண்டிருந்தன. எனவே இதனை நிகழ்ந்த வெற்றியின் பதிவாகக் கொள்வதினும், இழப்பச்சத்தின் வெளிப்பாடாகக் கொள்வதே பொருந்தும்.

பள்ளிமொழியின் எழுச்சி

1960களின் ‘அமைதிப் புரட்சி’ கல்வியையும் மருத்துவத்தையும் திருச்சபையிடமிருந்து அரசிடம் மாற்றியது. 1950களின் இறுதியில் நான்கை ஒட்டியிருந்த மொத்தக் கருவள வீதம் 1987இல் 1.36 ஆக வீழ்ந்தது. பதிலீட்டு நிலையான 2.1க்கு இது வெகுகீழானது. 1988 முதல் 1997 வரை வழங்கப்பட்ட மகப்பேற்று உதவித்தொகையும், 1997இல் நாளொன்றுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் தொடங்கிய குழந்தைக் காப்பகங்களும் பழைய பிறப்பு நிலையை மீட்டுத் தரவில்லை.

அந்நிலையில், குடியேறுவோரின் பிள்ளைகள் எம்மொழியில் பயில்வர் என்பதே தீர்மானிக்கும் வினாவாயிற்று. 1970களின் தொடக்கத்தில் அவர்களுள் பெரும்பான்மையோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடினர். 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டம் அவர்களுக்குப் பிரெஞ்சுவழிக் கல்வியைக் கட்டாயமாக்கியது. இன்று பிறமொழித் தாய்மொழியாளரின் பிள்ளைகளுள் பத்தில் ஒன்பது பேரளவில் பிரெஞ்சுப் பள்ளிகளில் பயில்கின்றனர். இதற்கு மறுபக்கமும் உண்டு. 1976–1981 காலத்தில் ஆங்கிலத் தாய்மொழியாளர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பிற மாகாணங்களுக்குப் பெயர்ந்தனர்.

அளவுகோலும் முடிவும்

2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் முதன்மையாகப் பிரெஞ்சு பேசுவோர் 77.5 விழுக்காட்டினர், பிரெஞ்சை முதல் அலுவல் மொழியாகக் கொண்டோர் 82.2 விழுக்காட்டினர், பிரெஞ்சில் உரையாட வல்லோர் 93.7 விழுக்காட்டினர். மூன்றும் முந்தைய 2016ஆம் ஆண்டுக் கணக்கைவிடக் குறைந்துள்ளன. ஆயினும் எதனை அளவுகோலாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து நெருக்கடியின் அளவு மாறுகிறது. 1980களில் இலங்கையிலிருந்து மாண்ட்ரியலில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களை எண்ணினால் இது விளங்கும். வீட்டில் தமிழும் பள்ளியில் பிரெஞ்சும் பேசும் குழந்தை முதல் அளவுகோலில் பிரெஞ்சின் பங்கைக் குறைக்கிறது. மூன்றாம் அளவுகோலில் அதனைக் கூட்டுகிறது.

நிறைவுரை

கியூபெக் பிரெஞ்சு மக்களின் தொடர்ச்சி முதலில் குருதிவழியாலும், பின்னர் மொழிவழியாலும் அமைந்துள்ளது. பிந்தைய வழி, தம் முன்னோர் அல்லாதாரின் பிள்ளைகளையும் தம்மவராக ஏற்பதைக் கோருகிறது. அவ்வேற்பு, புதியோர் வீட்டில் பேசும் மொழிக்கு இடமளிக்குமா என்பதே இன்றைய மக்கள்தொகை விவாதத்தின் மையம். வீட்டுமொழியை மட்டும் கொண்டு வீழ்ச்சியைக் கணிப்பது, பள்ளிவழிப் பெற்ற வளர்ச்சியைக் கணக்கில் கொள்ளாது விடுவதாகும்.