நஞ்சும் மாற்றும்

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் ஒரு மாணவன், "ஐயா, பாஷாணம் உடலுள் சென்று எதைக் கெடுக்கிறது?" என்று வினவினான். "உயிரைப் போக்கும்" என்று சொல்லி அவனை அமர்த்திவிட்டேன். அது விடையாகாது. அன்று சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

1918-ஆம் ஆண்டில் அமெரிக்கர் லூயிசைட் என்னும் ஆர்சனிக் நஞ்சினைப் போருக்கென ஆக்கினர். அது களத்தை அடையுமுன் முதல் உலகப் போர் முடிந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அந்நஞ்சைப் பற்றிய அச்சம் மீண்டும் எழுந்தது. ஆக்ஸ்போர்டில் ருடால்ப் பீட்டர்ஸ், ஸ்டாக்கன், தாம்ஸன் ஆகியோர் மாற்று மருந்து தேடலாயினர்.

அவர்கள் கண்டது யாது? உணவிலிருந்து ஆற்றல் பெற உயிரணுவுக்கு நொதிகள் வேண்டும். பைருவிக் அமிலத்தை ஆக்சிகரணிக்கும் நொதியமைப்பில் இரு கந்தகத் தொகுதிகள் அருகருகே உள்ளன. ஆர்சனிக் அவ்விரண்டையும் ஒருங்கே பற்றிக்கொள்கிறது. நொதி முடங்க, அணு ஆற்றலிழந்து மாள்கிறது. எனவே அவர்களும் இரு கந்தகத் தொகுதிகளுடைய ஒரு பொருளை ஆக்கினர். ஆர்சனிக் நொதியை விட்டு அதனைப் பற்றிக்கொண்டு, சிறுநீர்வழி வெளியேறியது. டைமெர்காப்ரால் எனப்படும் அம்மருந்தின் செய்தி 1945-இல் வெளியாயிற்று. பின்னர் அது பாதரச நஞ்சுற்றோரையும் காத்தது.

நஞ்சு கொல்லும் வழியை அறிந்தமையாலன்றோ காக்கும் வழி புலப்பட்டது! "எதைக் கெடுக்கிறது?" என்ற அச்சிறுவனின் வினாவே பீட்டர்ஸின் வினாவும் ஆகும். உங்களை எவர் அமர்த்தினும், கேட்பதை விடாதீர்கள்.