அடுப்புப் புகையும் அன்னையர் இதயமும்

பேராக் மாநிலத்தில் தைப்பிங் நகரை அடுத்துள்ள கமுந்திங், ஈயத்தால் எழுந்த ஊர். ஈயத்தின் பின் பால்மரம் பேராக் தமிழரின் வாழ்வாயிற்று. பொழுது புலருமுன் எழுந்து, லயத்து விறகடுப்பில் சமைத்துவிட்டுப் பெரட்டுக்கு விரைந்தவர்கள் நம் தாய்மார்கள். மூச்சு வாங்கினால் அதனை வேலைக் களைப்பென்றே எண்ணினர். அடுப்புப் புகை இதயத்தையும் தாக்கும் என்று எடுத்துரைத்த ஒரு மருத்துவப் பெண்மணியின் வரலாறு நம் மாணவர் அறியத்தக்கது.

டாக்டர் எஸ். பத்மாவதி 1917-இல் பர்மாவில் பிறந்து, இரங்கூனில் மருத்துவம் பயின்றவர். 1942-இல் சப்பானியர் படையெடுத்தபோது தாயுடனும் சகோதரிகளுடனும் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். அதே போர்தான் மலாயாத் தமிழரை ஆயிரக்கணக்கில் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் சென்று, குடும்பப் பாரத்தைப் பெண்கள் தோளில் ஏற்றியது.

போருக்குப் பின் அமெரிக்காவில் எலன் டாசிக், பால் டட்லி ஒயிட் ஆகிய பேரறிஞர்களிடம் இதய மருத்துவம் கற்றுத் தில்லி திரும்பினார். பெண்களுக்கான லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் 1954-இல் இதயநோய்ப் பிரிவைத் தொடங்கினார். 1950-களின் இறுதியில் அவரும் உடன் பணியாற்றியோரும் நடத்திய ஆய்வுகள், புகைபிடிக்கும் பழக்கமில்லாத பெண்களுக்கும் நுரையீரல் வழி இதயநோய் வருவதைக் காட்டின. சாணமும் விறகும் எரித்த புகையே அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. நாட்பட்ட புகையால் நுரையீரல் கெடும். அதனுள் இரத்தத்தைச் செலுத்த இதயத்தின் வலப்பகுதி மிகைப்பட உழைக்கும். உழைத்து வீங்கி, இறுதியில் ஓய்ந்துவிடும்.

நோயாளி தேடி வரும்வரை காத்திருத்தல் மருத்துவமனையின் இயல்பு. வராதவரைத் தேடிச் செல்ல அறநிறுவனம் வேண்டும். இதனை உணர்ந்தே பத்மாவதி 1962-இல் அனைத்திந்திய இதய அறக்கட்டளையை நிறுவினார். மலேசியாவில் 1969-இல் இதய அறநிறுவனம் தோன்றியது. பல நாட்டு அமைப்புகளை இணைத்த உலக இதயக் கூட்டமைப்பு, 2000-ஆம் ஆண்டு முதல் உலக இதய நாளைக் கொண்டாடச் செய்தது. இன்று அது செப்டம்பர் 29-இல் நிகழ்கிறது. 2004-இல் அமெரிக்க இதயச் சங்கம் பெண்களுக்கெனச் செவ்வண்ண இயக்கத்தைத் தொடங்கிற்று. பிற நாட்டு அறநிறுவனங்களும் அதனைப் பின்பற்றின. தனித்தனியே ஒலித்த குரல்கள் இவ்வாறு ஒன்றாயின. பத்மாவதி 103 வயதுவரை வாழ்ந்து, 2020-இல் மறைந்தார்.

லயங்கள் மறைந்து எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. ஆயினும் உலகில் பெண்களின் இறப்புக்கு முதற்காரணமாக இன்றும் இருப்பவை இதய, இரத்தக்குழாய் நோய்களே. பெண்ணுக்கு மாரடைப்பு வருங்கால் நெஞ்சுவலி கடுமையாக இல்லாமலும் இருக்கலாம். மூச்சுத்திணறல், குமட்டல், முதுகிலும் தாடையிலும் வலி, காரணமற்ற சோர்வு ஆகியவையே முன்னிற்கலாம். தாய் சோர்ந்தமரும்போது, “வேலைக் களைப்பு” என்று மீண்டும் ஒதுக்கிவிடலாகாது. ஆலயமும் பள்ளியும் மாதர் சங்கமும் கைகோத்து இச்செய்தியை இல்லந்தோறும் சேர்ப்பின், அதுவே நம்மை உழைத்து வளர்த்த அன்னையர்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.